கடலோர ஊரிலிருந்து ஒரு தோழி

போன மாதம் சேலத்தில் என் தங்கை மகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவள் கணவர் வெளியூரில் இருந்ததால் துணைக்கு என்னைக் கூட்டிப் போனாள். செல்போன் வழியாக முகம் தெரியாத ஆட்கள் பிள்ளைகளோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஒரு அம்மையார் முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். முதலில் வயதைக் குறைத்துச் சொல்வான், பிறகு பிள்ளையின் கவலையைக் கேட்பான், அப்புறம் ஒரு ரகசியத்தை வாங்கிக்கொள்வான், கடைசியில் அதை வைத்தே மிரட்டுவான் என்றார். முன் வரிசையில் இருந்த ஒருவர் என் நரையைப் பார்த்துத் துணைக்கு ஆள் கிடைத்தது போலத் திரும்பி, "நம்ம காலத்துல இந்தக் கண்றாவியெல்லாம் ஏதுங்க?" என்றார். தலையாட்டிவிட்டேன். மறுத்துச் சொல்லத் தொடங்கினால் கூட்டம் முடிகிற வரைக்கும் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அதற்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளை எடுத்தேன். மூன்று நாள் மேசையிலேயே கிடந்தன. நான்காம் நாள் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் நடுவிலிருந்து பதினெட்டு ஆண்டுகள் நான் ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில், ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். எஸ்டேட் ரைட்டர் என்பது ஆபீஸ் குமாஸ்தா வேலை. காலையில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பேர் பதிவது, மழை அளவைக் குறிப்பது, துரைக்குக் கடிதம் எழுதுவது. எஸ்டேட்டுக்கு வரும் தபாலைப் பிரித்துக் கொடுப்பதும் என் வேலைதான். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் எஸ்டேட் முகவரிக்குத்தான் வரும். எஸ்டேட் சம்பளத்தில் இருந்த தபால்காரப் பெரியவர் நாகலூர் தபால் ஆபீஸிலிருந்து தோல்பையில் எடுத்து வருவார். மாலை வேலை முடிந்து ஆட்கள் ஆபீஸ் முற்றத்தில் கூடும்போது நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். பழைய ஜில்லா அறிக்கைகள், பைண்டு செய்த வாரப் பத்திரிகைகள், மளிகை சுற்றி வந்த காகிதம் வரைக்கும். படித்ததில் தேதி இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதே குணத்தில் தபாலுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். எந்த ஊர் முத்திரை, என்றைக்குக் குத்தியது, என்றைக்கு எங்களிடம் வந்தது. மலைக்குத் தபால் தாமதமாக வருகிறது என்று மேலதிகாரிகளுக்கு ஆதாரத்தோடு எழுதிக்கொண்டே இருப்பதற்காக. யாரும் பதில் போட்டதில்லை. நான் நிறுத்தவும் இல்லை.

லைன் வீடுகளில் பெரியவர்கள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். சிலர் கையெழுத்து மட்டும் போடுவார்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படிப்பது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். மாமன் எழுதியதையும் சம்பந்தி எழுதியதையும் பத்து வயதுப் பிள்ளை நடுவீட்டில் நின்று உரக்கப் படிக்கும், பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கே ஒரு கடிதம் வந்தால் அதை யார் படித்துப் பார்ப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவரை எந்தப் பிள்ளைக்கும் கடிதம் வந்ததில்லை.

வரவைத்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சிறுவர் பத்திரிகையை என் செலவில் எஸ்டேட் பள்ளிக்கு வரவழைத்தேன். அதில் 'பேனா நண்பர்கள்' என்று ஒரு பக்கம். எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரின் பெயர், வயது, வகுப்பு, பொழுதுபோக்கு, முழு முகவரி எல்லாவற்றையும் என் நல்ல கையெழுத்தில் வரிசையாக எழுதி அனுப்பினேன். ஆகஸ்ட் இதழில் வந்தது. அச்சில் தங்கள் பெயரைப் பார்த்த பிள்ளைகள் அந்தப் பத்திரிகையை ஒரே வாரத்தில் கந்தலாக்கிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பது பேரில் ஒருத்தி ஏழாம் வகுப்பு. எஸ்டேட் பள்ளியில் ஐந்தோடு சரி. அதற்கு மேல் படிக்கத் தினமும் பஸ் ஏறி ஏற்காடு டவுனுக்குப் போன ஒரே லைன் பெண் அவள். கிறிஸ்தவக் குடும்பம். அம்மா காப்பிப் பழம் பறிக்கிறவர், அப்பா செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவர். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது பாரத்தில் கையெழுத்து வாங்க நான்தான் அவள் அப்பாவிடம் போனேன். அவர் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டுவிட்டுப் பேனாவை உடனே திருப்பித் தரவில்லை.

"போகட்டுங்க. ஆனா ரைட்டரே, ஒண்ணு சொல்லிப்புடறேன். எம் புள்ளையப் பத்தி எவனாச்சும் ஒரு பேச்சுப் பேசுனான்னு என் காதுல உளுந்துச்சு, அன்னிக்கே நிறுத்திப்புடுவேன். அப்புறம் நீங்க வந்து ஊட்டு வாசல்ல நிக்கக் கூடாது."

பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் ஒன்பது பேருக்குமாக முப்பது கடிதத்துக்கு மேல் வந்தது. தீபாவளிக்குள் ஓய்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு எழுத ஒன்றும் இல்லை. 'நலம், நலமறிய ஆவல்' என்று எத்தனை தடவை எழுதுவார்கள்? விடாமல் வந்தது ஒரே ஒரு ஆளின் கடிதம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண், கடலோர ஊர் ஒன்றில் வீடு. முதலில் எங்கள் பெண்கள் மூன்று பேருக்கு எழுதினாள். மற்ற இருவரும் பதில் போடாமல் விட்டுவிட, இவளுக்கு மட்டும் எழுதினாள். கவருக்குள் சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள் வரும். கடலையே பார்த்திராத எங்கள் பிள்ளை அவற்றைச் சோழி என்றுதான் சொல்வாள். முதல் மூன்று கடிதங்களை முற்றத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். பறிக்கிற பெண்கள் சாக்கின் மேல் உட்கார்ந்து கேட்டார்கள். "ஏன் கண்ணு, உன் சிநேகிதி ஊட்டுல மீன் கொழம்பு தினமுமான்னு கேட்டு எழுது," என்றாள் ஒருத்தி.

என் நோட்டில் அந்தக் கடிதங்களின் பதிவும் இருக்கிறது. இப்போதும் இருக்கிறது. கடலோர ஊரில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் கடிதம் முதலில் ஈரோட்டு முத்திரையோடு வந்தது. அடுத்தது தருமபுரி. அதற்கடுத்தது விழுப்புரம். மறுபடி ஈரோடு. எல்லாம் பள்ளி நடக்கிற நாட்கள். நான் இதைப் பார்த்தேன், குறித்தேன், நான்கு பதிவுக்கும் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்து, 'தபால் துறையின் குளறுபடி. கடலோரத் தபால் ஊர் சுற்றி வருகிறது' என்று எழுதி, அதை வைத்து மேலிடத்துக்கு ஒரு புகாரும் அனுப்பினேன். பல வருடம் தபாலைக் குறை சொல்லியே பழகியவனுக்கு அந்த முத்திரைகள் வேறு எதையும் சொல்லவில்லை. கூர்மையாகப் பார்க்கிறவன் என்று எனக்குப் பெயர்.

பழ சீசன் முடிந்து ஜனவரி வந்தபோது அவள் படித்துக் காட்டுவதை நிறுத்தியிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழியிலேயே தபால்காரப் பெரியவரிடம் கடிதத்தை வாங்கிக்கொள்வாள். "நாலு எட்டு நடந்தா ஆபீசுங்க, அதுக்குள்ள பாப்பாவுக்கு அவசரம்," என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கவர்கள் தடித்துக்கொண்டே வந்தன.

மார்ச் மாதம், காப்பிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழைக்கு ஏங்கி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மாலை, அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"சார், பெட்டியில போட்ட லெட்டரத் திருப்பி வாங்க முடியுங்களா?"

எனக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் உற்சாகம். "பட்டுவாடா ஆகறதுக்கு முன்னாடின்னா விண்ணப்பம் எழுதிக் குடுத்து வாங்கலாம் கண்ணு. அதுக்கு விதி இருக்கு."

"போய்ச் சேந்துருச்சுன்னா?"

"சேந்துட்டா வாங்குனவங்க சொத்து. எழுதுனவங்களுக்கு அதுல உரிமை இல்ல."

"ஒண்ணுமே பண்ண முடியாதுங்களா?"

"முடியாது. சட்டம் அப்படி."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்றைய நாட்குறிப்பில், 'கவாத்துக்காரர் மகள் தபால் விதி பற்றிப் புத்திசாலித்தனமான கேள்வி கேட்டாள்' என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டது. அவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். பெரியவர் அவளுக்கு வந்த கவரை லைனிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை அந்தக் கவரோடு அவள் அம்மா ஆபீஸுக்கு வந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, இதப் படிச்சுச் சொல்லுங்க. புள்ள தொடவே மாட்டேங்குது. பாயிக்கு அடியில தள்ளிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குது. ஊருல யாருக்காச்சும் ஆகாததோ என்னமோ."

கவரைப் பார்த்தேன். "இது பாப்பா பேருக்கு வந்திருக்குதுங்கம்மா. அடுத்தவங்க கடுதாசிய நான் பிரிக்கக் கூடாது."

"புள்ளையே என்னுதுங்க. லெட்டரு மட்டும் அவளுதுங்களா?"

தபால் விதியை ஓரம் வைத்துவிட்டுப் பிரித்தேன்.

சுமார் ஒன்றரைப் பக்கம். உருண்டையான, பிள்ளை எழுத்து மாதிரி எழுதப்பட்ட எழுத்து. அதுவரை தோழி. அந்தக் கடிதத்தில் தோழியின் மாமா. மே மாதம் கோடை விழா நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மாமா ஏற்காடு வருகிறார். மாதா கோயிலில் பூசை முடிந்ததும், பாட்டுப் பழகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஏரியில் படகுச் சீட்டு கொடுக்கும் இடத்துக்கு எதிரே வர வேண்டும். தனியாக. போட்டோவில் போட்டிருந்த நீலப் பாவாடையில். கையில் மஞ்சள் பை வைத்திருப்பார். போன மாதம் போல முடியாது என்று எழுதினால், நீ எழுதிய அத்தனை கடிதத்தையும் கட்டாகக் கட்டி உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன், உன் படிப்பு அதோடு சரி, நீயே சொல்லியிருக்கிறாய் அல்லவா என்று முடிந்திருந்தது.

நான் வேறு எதையாவது படித்துச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. ஒரு நிமிடம் அந்த எண்ணம் வந்ததை மறைக்கவில்லை. பிறகு உள்ளதை உள்ளபடி மெதுவாகப் படித்தேன். அவர் அழவில்லை. முந்தானையால் மேசை மேலிருந்த காப்பித்தூளைத் துடைத்தார்.

"கையெழுத்துப் போட்டாரே அவங்கப்பாரு, அன்னிக்குச் சொன்னது உங்களுக்கு நாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அதத்தான் இவன் புடிச்சுக்கிட்டான்."

இருவரும் லைனுக்குப் போனோம். பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். அப்படி என்னதான் எழுதினாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: அப்பா சனிக்கிழமை குடிப்பதை எழுதினேன். குடித்துவிட்டு வந்தால் அம்மாவும் நானும் பக்கத்து லைனில் போய் உட்கார்ந்திருப்பதை எழுதினேன். பள்ளியில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி அனுப்பினேன். பெரிய பெண்ணானதை எழுதினேன், அந்தத் தோழிதான் முதலில் கேட்டாள். கேட்ட பிறகு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தாள். நான் பதில் போடவில்லை. அப்போதுதான் மிரட்டல் வந்தது, போன மாதம் வரச் சொன்னதற்கு முடியாது என்று எழுதினேன்.

"எங்கிட்டக் கேட்டயே கண்ணு, திருப்பி வாங்க முடியுமான்னு," என்றேன்.

"நீங்க சட்டம் சொன்னீங்க சார்."

கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் குரல்.

நான் ஒன்றை அவளுக்கு விளக்கினேன். அப்பாவுக்கு அந்தக் கட்டு வந்தாலும் எஸ்டேட் பைக்குள்தான் வர வேண்டும், பை என் மேசைக்குத்தான் வர வேண்டும், நான் எடுத்து அடுப்பில் போட்டுவிடுவேன். வாரக்கணக்காக அவள் பயந்துகொண்டிருந்த கடிதக் கட்டு என் கையைத் தாண்டாமல் அவள் வீட்டுக்குப் போக முடியாது. அவளுக்கு அது தெரியாது. எனக்கு அவள் பயம் தெரியாது. இரண்டுக்கும் நடுவே நாற்பது அடி முற்றம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கோயிலில் பாட்டுப் பழகும் மற்ற பெண்களோடு விட்டுவிட்டு, அவள் அம்மாவும் நானும் ஏரிக்குப் போனோம். விழாக் கூட்டம். சேலத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மஞ்சப் பைன்னு எழுதியிருக்கானுங்களே," என்றார் அம்மா, சுற்றிலும் பார்த்துவிட்டு. "மஞ்சப் பை இல்லாத ஆளு யாருங்க இங்க?"

உண்மைதான். கண்ணுக்கெட்டிய வரை மஞ்சள் பைகள். கல்யாண வீட்டுப் பெயர் போட்டவை, ஜவுளிக்கடைப் பெயர் போட்டவை. நான் கடிதத்தை மறுபடி எடுத்து வேறு அடையாளம் தேடினேன். அதற்குள் அவர் என் முழங்கையைத் தட்டினார்.

"அந்தப் பூவரச மரத்துக்கிட்ட பாருங்க. எல்லாரும் ஏரியப் பாக்கறாங்க. அவரு மட்டும் ரோட்டப் பாக்கறாருங்க."

நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. மருந்துக் கம்பெனியிலோ இன்சூரன்ஸிலோ ஊர் ஊராகப் போகிற உத்தியோகம் என்று நினைத்தேன். நீலப் பாவாடை எது போனாலும் தலை கூடவே திரும்பியது. நான் கால் எடுத்து வைப்பதற்குள் அந்த அம்மா போய் அவர் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கடலோர ஊருங்களா?"

"இல்லம்மா."

"உங்க அக்கா மக எங்க புள்ளைக்கு லெட்டரு போடுதுங்களே. பாப்பா வரலீங்களா?"

"யாரோன்னு நெனச்சுப் பேசறீங்க."

"நான் அவ அம்மாங்க."

அந்த ஆள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான். அந்த அம்மாவும் கூடவே நடந்தார், உறவுக்காரரை வழியனுப்புவது போல. "சோழியெல்லாம் அனுப்புனீங்களே, நொம்ப அழகா இருந்துச்சுங்க. எங்கூட்டுக்கு ஒரு வாயி காப்பித்தண்ணி குடிக்க வரலீங்களா? புள்ளையோட அப்பாரும் இருக்காருங்க." குரல் உயரவில்லை, ஆனால் சுற்றி இருந்தவர்கள் விலகிப் பார்த்தார்கள். அவன் கிட்டத்தட்ட ஓடினான். கிளம்பி நின்ற சேலம் பஸ்ஸில் தாவி ஏறியபோது கண்டக்டர் சொன்னது எனக்குக் கேட்டது: "இப்பத்தானுங்களே ஏத்தியாந்து எறக்குனேன். ஏரி புடிக்கலீங்களா?"

பஸ் போய்விட்டது. நான் அவனைப் பிடிக்கவில்லை. பிடித்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், பாதி சேலையில் சிந்தியது.

"போலீஸ்ல எழுதிக் குடுக்கலாமுங்க," என்றேன்.

"குடுத்தா அவ அப்பனக் கூட்டியான்னுதான் சொல்லுவாங்க."

நாங்கள் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது அது. அந்த ஆள் அடுத்து எந்த ஊர் பஸ்ஸில் ஏறினான், யாருக்குக் கிளிஞ்சல் அனுப்பினான் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் உடம்பில் இருக்கிற கொஞ்சம் தெம்பும் போய்விடுகிறது.

பத்திரிகைக்கு எழுதினேன். நடந்ததைச் சொல்லி, பிள்ளைகளின் முகவரியை இப்படி அச்சிட வேண்டாம் என்று. 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று அச்சடித்த அட்டை வந்தது. அடுத்த இதழிலும் அந்தப் பக்கம் இருந்தது, புதிய பிள்ளைகள், முழு முகவரியோடு.

அதற்குப் பிறகு தினமும் பையை நானே அவிழ்த்தேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. வெறும் மிரட்டல்தான் போல என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். தபாலைப் பற்றி அவ்வளவு தெரிந்த நான் ஒன்றை மறந்திருந்தேன். அந்த ஆளுக்கும் தபால் தெரியும்.

மே கடைசியில் ஒரு நாள் மாலை, வேலை முடிந்து ஆட்கள் கூடுகிற நேரத்தில், அவள் அப்பா தடித்த கவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரைட்டரே, எம்பேருக்கு ரிஜிஸ்டர் வந்திருக்குதுங்க. நாகலூர் போஸ்ட்மேனே காப்பிக் காட்டுக்குள்ள தேடியாந்து கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தாரு."

பதிவுத் தபால். உரியவர் கையில்தான் கொடுப்பார்கள். எஸ்டேட் பையில் வராது.

"என்ன மாமா, லாட்டரி உளுந்துருச்சா?" என்றான் ஒருவன்.

"உனக்குப் பொண்ணு குடுக்கக் கூப்புட்டு எழுதியிருக்காங்கடா," என்றார் அவர். முற்றமே சிரித்தது. வாழ்க்கையில் அவருக்கு வந்த முதல் ரிஜிஸ்டர். கவரை என்னிடம் நீட்டி, "படிங்க," என்றார்.

உள்ளே வாருங்கள் என்று ஆபீஸுக்குள் கூட்டிப் போனேன். எதைப் படிப்பது, எதை விடுவது என்று என் மூளை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதத்தில் நிலம் பற்றி, ரேஷன் பற்றி எதை வேண்டுமானாலும் நான் கண்டுபிடித்துவிடலாம். அப்போது பிள்ளை மூச்சிரைக்க வந்து நின்றாள். போஸ்ட்மேன் காட்டுக்குள் போவதைப் பார்த்திருக்கிறாள். பின்னாலேயே அவள் அம்மா.

"சார், எங்கிட்டக் குடுங்க. நா படிக்கறேன்," என்றாள். பிறகு அப்பாவிடம், "இது நான் எழுதுனதுப்பா. நானே படிக்கறேன்."

கதவைச் சாத்தினேன். பதினோரு கடிதங்கள். அவள் ஒன்றையும் விடவில்லை. கிளிஞ்சலுக்கு நன்றி சொன்னதிலிருந்து ஆரம்பித்து, வரிசையாக, பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற அதே குரலில் படித்தாள். 'எங்க அப்பா ரொம்ப நல்லவங்க, சனிக்கிழமை மட்டும் வேற ஆளு' என்ற இடத்தில் குரல் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியைத் திரும்ப முதலிலிருந்து படித்தாள். அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் அம்மா ஏரியில் நடந்ததைச் சொன்னார். வெளியே ஆட்கள் கலைந்து போகும் சத்தம் கேட்டது.

"அப்ப, எனக்கு மட்டுந்தான் தெரியாது," என்றார் அவர்.

அவள் கையிலிருந்த காகிதங்களை வாங்கிக் கவருக்குள் வைத்தார்.

"படிப்பு போதும்."

நான் ஆரம்பித்தேன். பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை, அவள் போய்ப் பார்க்கவே இல்லை, வயதுக்கு மீறிய தைரியம் என்று ஏதேதோ. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேரு, ஊரு, வயசு எல்லாம் எழுதி அனுப்புனது நீங்கதானுங்களே ரைட்டரே."

ஆமாம் என்றேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. அவள் போகவில்லை. நான் அந்த வீட்டு வாசலில் மூன்று முறை போய் நின்றேன். வந்து நிற்கக் கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தும் நின்றேன். மூன்று முறையும் மரியாதையாக உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார், இல்லை என்றார். 'இன்றும் போனேன், பயனில்லை' என்று மூன்று நாள் குறிப்பிலும் ஒரே வாசகம்.

பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை காலை, நாகலூரிலிருந்து வரும் பஸ்ஸுக்கு அவளும் அவள் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் வந்ததும் இருவருமே ஏறினார்கள். அன்று மாலை அவள் அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அவதானுங்க கேட்டா. நான் என்னப்பா தப்புப் பண்ணுனேன், அத மட்டும் சொல்லு, சொன்னா நின்னுக்கறேன்னு. மனுசன் ரெண்டு நாளு ரோசன பண்ணுனாருங்க. ஒண்ணுமே கெடைக்கல."

அந்த வருடம் முழுக்க அவர் தினமும் அவளைக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வந்தார். மாலையில் மறுபடி பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தார். காலை வேலைக்குப் பிந்தி வருவதை நான் பதிவேட்டில் காட்டவில்லை. பதினெட்டு ஆண்டில் நான் செய்த ஒரே பொய்ப் பதிவு அது. பஸ்ஸில் மற்ற பெண்கள் "கைதிக்குக் காவல் வந்தாச்சு" என்று கேலி செய்தார்களாம். அவள் அப்பாவுக்கு இரண்டு சீட் தள்ளி உட்காருவாள். சனிக்கிழமைக் குடி நிற்கவில்லை. நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

வேறு யாருக்கும் அவள் கடிதம் எழுதி நான் பார்க்கவில்லை. முத்திரை நோட்டில் அந்த நான்கு பதிவுகளுக்குப் பக்கத்தில் நான் எழுதிய குளறுபடி வாசகத்தை அடிக்கவில்லை. அது அப்படியே இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருடம் கழித்துப் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தாள். மேலே படிக்க உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. வழக்கம்போல நான்தான் பாரத்தை எடுத்து வைத்து, பேனாவில் மை ஊற்றி, முதல் கட்டத்தில் அவள் பெயரை எழுதப்போனேன். அவள் கையை நீட்டிப் பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானே எழுதிக்கறேன் சார்."

"எழுது கண்ணு. தப்பில்லாம எழுது."

எழுதி முடித்தாள், மை காயும்வரை ஊதினாள். மடித்துக் கவருக்குள் வைக்கும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"இனிமே எம்பேர எதுலயும் நீங்க எழுதாதீங்க சார்."

சரி என்றேன். எழுதவில்லை.